கேள்விக்கு மட்டும் படித்த பாஷை

பாங்காக்
16 ஜனவரி 1955

அன்பு புஷ்பத்துக்கு,

வந்து சேர்ந்தேன். கப்பலில் குடல் வெளியே வந்து விழாத குறை, மற்றபடி சுகம். மரைக்காயரின் கடை ஆற்றோரத் தெருவில் இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் விற்கிற கடை என்றாலும் எனக்கு மண்ணடியில் செய்த அதே வேலைதான். பார்சல் கட்டுவது, அரக்கு வைப்பது, தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. மாடியில் கடை ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை. இந்த நாட்டுக்குத் தாய்லாந்து என்று பெயர் மாற்றி வருஷக்கணக்காகிறதாம். மரைக்காயர் இன்னும் சயாம் என்றுதான் சொல்கிறார். நானும் அப்படியே எழுதுகிறேன். உன் புருஷன் லாசரை மலேயா தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனது சயாமுக்குத்தானே.

லாசரோடு ரயில் பாதையில் கிடந்து திரும்பிய ஒரகடம் கோதண்டம் சொன்ன கிராமத்தை விசாரித்துவிட்டேன். காஞ்சனபுரி வரை ரயில், அதற்குமேல் படகு. போய்விடலாம். போய் என்ன செய்ய? அங்கே ஒருவருக்கும் தமிழோ இங்கிலீஷோ தெரியாது. எனக்குச் சயாம் பாஷை தெரியாது. லாசர் லாசர் என்று கத்திக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றால் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

அதனால் பாஷை படிக்க இடம் தேடி அலைந்தேன். வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கென்று ஒரு பள்ளி இருக்கிறது. நல்ல வாத்தியார்கள், நல்ல புத்தகம், மின்விசிறி வேறு. வாசலில் இருந்த அம்மாள் என் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் சம்பளம் எவ்வளவு என்று சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்து எங்களுக்குப் பால் ஊற்றுகிற கோரக்பூர்க்காரன், தானே சொல்லித் தருவதாக உட்கார்ந்தான். அவன் சயாம் பாஷையை இந்தியில் விளக்குகிறான். இந்தியை எனக்கு யார் விளக்குவது? கடைசியில் ஒரு சீனன், துணிக்கடைக் குமாஸ்தா, மலிவாகக் கிடைத்தான். அவன் தயவில் எனக்கு இப்போது 'கஜம் என்ன விலை', 'சாயம் போகுமா', 'குறைத்துக் கொடு' எல்லாம் சரளமாக வரும். ஒரு மனுஷன் எப்படிச் செத்தான் என்று கேட்க இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நேற்றெல்லாம் மனசே விட்டுப்போயிற்று. ஆனாலும் மரைக்காயரிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்ட ஊர். சாட்சியோடுதான் திரும்புவேன். நம் கோயிலில் மூன்று ஞாயிறு நம் இருவர் பெயரையும் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், நான் முன்வரிசையில் நின்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

ஆபிரகாம்

*

சேசு மரி சூசை

மண்ணூர்
10 பிப்ரவரி 1955

ஆபிரகாம் அவர்களுக்கு அன்னபுஷ்பம் எழுதியது.

உங்கள் கடிதத்தை ஸ்ரீபெரும்புதூர் மில் களத்தில், நெல்லைக் கிளறிவிட்டு நிழலில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் வைத்துப் படிக்க முடியாது. லாசரின் அம்மா, என் மாமியார் சவரியம்மாள், காகிதச் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்குகிறாள். "எம்புள்ளகிட்டருந்து வந்துக்கீதா?" என்பாள். இல்லை என்று எத்தனை வருஷம் சொல்வது?

சாயம் போகுமா என்று கேட்கப் படித்தீர்களாமே. நல்லது, வரும்போது எனக்கு ஒரு சேலை எடுத்து வாருங்கள். எந்த நிறம் என்றுதான் எனக்கே தெரியவில்லை. தாலி கழுத்தில் இருக்கிறது, கட்டினவன் இல்லை. செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை. வெள்ளை கட்டினால் அத்தை அடிக்க வருகிறாள். கலர் கட்டினால் தெரு சிரிக்கிறது.

கோதண்டத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு மறுபடியும் பங்குச் சாமியாரிடம் போனேன். கோதண்டம் தலையைச் சொறிந்துகொண்டு பழைய கதையையே சொன்னான்.

"காலரா வந்து ஆளு துவண்டுட்டான் சாமி. மூங்கி குடிசைல போட்டுட்டு எங்கள எல்லாம் ஓட்டிக்கினு பூட்டானுங்க. பொழைக்கிற ஒடம்பா அது? ஆனா சாவுறத நான் பாக்கல. பாத்தேன்னு சொல்லச் சொன்னா, நான் கும்புடுற சாமி என்னைக் கேக்கும்."

சாமியார் நல்லவர்தான். ஆனால் அவர் கை கட்டியிருக்கிறது. "பாக்காத சாட்சி சாட்சி இல்லம்மா. ஓலை வாசிச்சு, தடை தெரிஞ்சவங்க எழுந்து சொல்லுங்கன்னு நான் கோயில்ல கேக்கணும். நாளைக்கு அவன் திரும்பி வந்து நின்னா உன் கதி இன்னா?" என்றார். பிறகு இரக்கப்பட்டு, அனுமதி தரவேண்டிய மேற்றிராணியாருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று கேள்விகளாகவே எழுதிக் கொடுத்தார். எந்த நோயில் செத்தான், எந்த மாதம், உடலைப் பார்த்தது யார், புதைத்தது யார், குழி எங்கே, அடையாளம் உண்டா. இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் கல்யாணப் போட்டோவில் அவர் பக்கத்தையும் வெட்டி வைத்திருக்கிறேன்.

நீங்கள் முழுப் பாஷையையும் படித்து வித்துவான் ஆக வேண்டாம். இந்தக் கேள்விகளை மட்டும் யாரிடமாவது படித்துக்கொண்டு போங்கள். சீக்கிரம் போங்கள். எனக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது.

அன்னபுஷ்பம்

*

பாங்காக்
18 ஏப்ரல் 1955

அன்பு புஷ்பம்,

பாஸ்குத் திருநாள் வாரத்தில் மரைக்காயரிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு போய்வந்தேன்.

உன் யோசனைப்படிதான் செய்தேன். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிற ஒருவனுக்கு அரைகுறை இங்கிலீஷ் தெரியும். சாமியாரின் கேள்விகளை அவனிடம் சொல்லி, சயாம் பாஷையில் வாங்கி, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, ஜெபம் போல உருப்போட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "இவரைப் புதைத்தது யார்?" என்று பிசிறில்லாமல் சொல்வேன். அறையில் உள்ளவர்கள் என்னைப் பிணந்தின்னி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கிராமம் ஆற்றின் மேட்டில் இருக்கிறது. படகிலிருந்து இறங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. லாசரின் போட்டோவைக் காட்டினேன். உடனே கண்டுகொண்டார்கள், புஷ்பம்! ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு என் பாடத்தை ஆரம்பித்தேன். இவர் எந்த நோயில் இறந்தார்? உடலைப் பார்த்தது யார்? புதைத்தது யார்?

சிரிப்பு நின்றது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. கேள்விக்கு மட்டும் படித்திருக்கிறேன், பதிலுக்குப் படிக்கவில்லை. நான் எவ்வளவு பெரிய மடையன் பார். நான் நன்றாகக் கேட்டதால் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்து, அவர்கள் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். நான் மாடு மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு கிழவன் திரும்பத் திரும்ப மேற்கே காட்டைக் கைகாட்டினான். குழி அங்கே இருக்கும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். புளிக்கூடையோடு நின்றிருந்த ஒரு பெண், நம் வயதுதான் இருக்கும், கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். நான் மறுபடியும் "புதைத்தது யார்" என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போய், ஓவென்று அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடிவிட்டாள். அப்படி அழுகிறாள் என்றால் அவள்தான் கடைசிக் காலத்தில் அவனைப் பார்த்தவள். நமக்குச் சாட்சி இருக்கிறது, புஷ்பம். அவள் சொல்வதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு வழியில்லை.

ஆபிரகாம்

*

சேசு மரி சூசை

மண்ணூர்
9 மே 1955

ஆபிரகாம் அவர்களுக்கு,

களத்தில் உட்கார்ந்து அழுதேன். மில் சங்கு ஊதியதுகூடக் காதில் விழவில்லை. மேஸ்திரி வந்து, "இன்னாம்மா, ஊட்ல எழவா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவை ஆமாம் என்று சொன்னேன். சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. அது பாவமா என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் பக்கத்தில் இல்லாதபோது அவள் இருந்திருக்கிறாள். ஒரு வாய் தண்ணீராவது ஊற்றியிருப்பாள். அடுத்த முறை போகும்போது மண்ணூர் அன்னபுஷ்பம் கும்பிட்டதாக அவளிடம் சொல்லுங்கள்.

அத்தையிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "நீ வேணா வேற தாலி கட்டிக்கினு போ, நான் தடுக்கல. எம்புள்ள சாவல. பெத்த வயித்துக்குத் தெரியாதா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்லறைத் திருநாளுக்கு நான் அவர் பெயரில் மெழுகுவர்த்தி வைக்கும்போதெல்லாம் ஊதி அணைப்பவள் அவள். பைத்தியம் என்று விட்டுவிட்டேன்.

கேள்விகளை மட்டும் படியுங்கள் என்று சொன்னது என் தப்பு. இனி அவசரப்பட மாட்டேன். நல்ல வாத்தியாராகப் பார்த்து ஒழுங்காகப் படியுங்கள். பதில் சொன்னால் புரிகிற அளவுக்குப் படியுங்கள்.

அன்னபுஷ்பம்

*

பாங்காக்
3 ஜூலை 1955

அன்பு புஷ்பம்,

வாத்தியார் கிடைத்துவிட்டார்! பெயர் பிரசித். அரசாங்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவர், என்னைவிட இளையவர். எங்கள் தபாலாபீஸ் வரிசையில் பழக்கம். வாங்குவது கொஞ்சம், சொல்லித் தருவது நிறைய. என்னைப் பேசவே விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால் ஜன்னலோரம் உட்காரவைத்து, யார் எதற்காகத் திட்டுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொல்கிறார். முதலில் திட்டு மட்டும் புரிந்தது. இப்போது நியாயம் யார் பக்கம் என்றுகூடப் புரிகிறது.

அவரிடம் சாமியாரின் கேள்விகளைக் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தார். செத்தவர்களைப் பற்றிக் கடைசியில் படிக்கலாம், முதலில் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிக் கேட்கிற கேள்விகள், எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், எப்போது வருவார், அதிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். எனக்கு எரிச்சல்தான். இதெல்லாம் எனக்கு எதற்கு? ஆனால் வாத்தியார் சொன்னால் கேட்க வேண்டும்.

ஒரு குற்றம் இருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை. அவருக்கும் எனக்கும் ஞாயிறு காலைதான் ஒழிகிறது. பூசைக்குப் போக முடிவதில்லை.

ஆபிரகாம்

*

சேசு மரி சூசை

மண்ணூர்
28 ஜூலை 1955

ஆபிரகாம் அவர்களுக்கு,

ஞாயிறு பூசையை விட்டுவிட்டு அடுத்தவன் வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ரொம்ப அழகு. இந்தக் கோலத்தில் வந்து முன்வரிசையில் நின்று ஓலை கேட்கப் போகிறீர்களாக்கும்! சரி, படியுங்கள். உங்களுக்கும் சேர்த்து நான் இங்கே முழங்கால் போடுகிறேன். சிமெண்டுத் தரை, முட்டி தேய்கிறது. அதற்கும் சேர்த்து வந்து பதில் சொல்லுங்கள்.

சாமியாரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். சாட்சி நவம்பருக்குள் வந்துவிட்டால் கல்யாணம் வைக்கக்கூடாத ஆகமன காலம் தொடங்குமுன் ஓலையை முடித்துவிடலாம் என்றார். மில்லில் என்னோடு வேலை செய்கிற மரகதத்துக்கு மட்டும் தெரியும். அவள் நாளெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையோரமாக நேற்று நடந்து வந்தபோது எனக்கே என்னை அறியாமல் பாட்டு வந்தது. யாரும் கேட்கவில்லை.

சீக்கிரம் போய்விட்டு வாருங்கள்.

உங்கள்
புஷ்பம்

*

பாங்காக்
25 செப்டம்பர் 1955

புஷ்பம்,

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். களத்தில் வைத்துப் படிக்காதே. தனியாக இருக்கும்போது படி.

லாசர் உயிரோடு இருக்கிறான்.

இந்த முறை எல்லாம் புரிந்தது. பிரசித் வாத்தியார் குறை வைக்கவில்லை. படகை விட்டு இறங்கி, நான் கேள்வி கேட்பதற்குள்ளாகவே, போன முறை காட்டைக் கைகாட்டிய கிழவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீ மறுபடியும் வந்துவிட்டாயா? அன்றைக்கே சொன்னோமே, மூங்கில் வெட்டக் காட்டுக்குப் போயிருக்கிறான், இரண்டு நாள் இருந்தால் பார்க்கலாம் என்று. நீ தலையை ஆட்டிவிட்டுப் படகேறிவிட்டாய்."

அழுதாளே அந்தப் பெண், அவள் அவன் பெண்டாட்டி. காலையில் சோறு கட்டிக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பிய புருஷனைப் புதைத்தது யார் என்று, முன்பின் தெரியாத ஒருவன் அவள் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். காட்டில் ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் இவன் வந்திருக்கிறான் என்று அவள் நினைத்துவிட்டாள். நம்மிடம் இருந்த ஒரு கேள்வியாவது அவன் இருக்கிறானா என்று கேட்டதா? ஒன்றுகூட இல்லை.

அவனைப் பார்த்தேன். முன்பல் இல்லை. முதுகு கூனிவிட்டது. "லாசரு, நான் மண்ணூர் ஆபிரகாம்டா" என்றேன். அடையாளம் தெரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. ஆனால் பதில் சயாம் பாஷையில் வந்தது. நான் தமிழில் கேட்கக் கேட்க, அவன் அதிலேயே சொன்னான். நம் கோயிலில் என்னோடு பீடத்துக்கு உதவி செய்தவனோடு, நான் வாத்தியார் வைத்துப் படித்த பாஷையில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனடா தமிழ் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். தமிழில் பேசினால் எனக்கு அம்மா இருக்கிறாள், புஷ்பம் இருக்கிறாள், இதில் பேசினால் யாரும் இல்லை என்றான்.

அவனைப் பிணங்களோடு சேர்த்து எரிக்கப் போட்டிருந்தார்களாம். விறகுக்கு வந்த அந்தப் பெண்தான் கால் அசைந்ததைப் பார்த்து இழுத்துப் போட்டிருக்கிறாள். இப்போது மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண்ணுக்கு உன் மாமியாரின் மூக்கு. கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன் பெயரை இவனுக்கு வைத்த சாமியாரை என்ன சொல்ல?

நான் எதற்காக வந்தேன் என்று சொன்னேன். நீயும் நானும் என்பதையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊர்த்தலைவரிடம் போனான். லாசர் என்ற தமிழன் காலராவில் செத்தான் என்று அவரிடம் எழுதச் சொன்னான். தலைவர் சிரித்துக்கொண்டே எழுதி முத்திரை குத்தினார். இரண்டு சாட்சி வேண்டும் என்றார். ஒன்று அந்தக் கிழவன். மற்றொன்று லாசரே. தன் சாவுக்குத் தானே பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தான்.

அந்தக் காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை எழுதினால் எடுத்துக்கொண்டு வந்து சாமியாரிடம் கொடுப்பேன். யாரும் கேட்கப் போவதில்லை. சொல்லாமலே செய்திருக்கலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காலம் முழுக்க என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. காகிதம் வேண்டாம் என்றால் நீ இங்கே வந்துவிடு. இங்கே நம்மை யார் என்று கேட்க ஆள் இல்லை.

முன்பே நன்றாகப் படித்திருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். படிக்காமலே இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது.

ஆபிரகாம்

*

மண்ணூர்
3 நவம்பர் 1955

ஆபிரகாம் அவர்களுக்கு,

ஏன் சொன்னீர்கள்? உங்களால் தாங்க முடியவில்லை என்று என் தலையில் இறக்கி வைத்துவிட்டீர்கள். இனி நான் யாரிடம் இறக்குவது? உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் மறைத்துக் கட்டிக்கொண்டு, பிறகு எனக்குத் தெரிந்திருந்தால் இதைவிடக் கோபம் வந்திருக்கும். அதனால் உங்களைத் திட்டவும் முடியவில்லை.

காகிதத்தைக் கொண்டுவர வேண்டாம். சாமியார் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார். கோயில் நிறைய ஜனம் இருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். முதல் ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். மூன்றாவது ஞாயிறு எழுந்து நின்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அங்கே வரவும் மாட்டேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். பெண்டாட்டி பிள்ளைகளைச் சொல்லவில்லை. அவள் துள்ளிக் குதிக்கவில்லை. "அதத்தான நான் சொல்லிக்கினே கீறேன்" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் ரோட்டுக்குப் போய் நிற்கிறாள். கடைசி பஸ் போனபிறகு நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். இவளை விட்டுவிட்டு நான் எங்கே வருவது?

உங்களை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வராதீர்கள். ஒரே தெருவில் தினம் பார்த்துக்கொண்டு இருக்க எனக்குத் தெம்பு இல்லை. கோயிலுக்குப் போங்கள். ஞாயிறுகளில் இனி உங்களுக்கு வேறு வேலையில்லை.

அவரைப் பார்த்தால், அவர் கேட்கிற பாஷையிலேயே, அம்மா பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று சொல்லுங்கள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்ணிடம் நான் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னேனே, அதைச் சொல்லிவிடுங்கள். முன்பு சொன்ன அதே காரணத்துக்காகத்தான்.

நேற்று கல்லறைத் திருநாள். இறந்தோர் பெயர்களில் அவர் பெயரை இனி வாசிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அப்ப ஓலை?" என்றார். இல்லை சாமி என்றேன். பழக்க தோஷத்தில் மெழுகுவர்த்தி மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். எல்லோரும் அவரவர் குழியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏற்ற ஒரு குழியும் இல்லை. உங்களுக்கும் எனக்குமாகச் சேர்த்து ஒரு மூலையில் ஏற்றிவிட்டுப் போகலாமா என்று நினைத்தேன். உபதேசியார் பக்கத்திலேயே நின்றிருந்தார், அவரிடம் கேட்டும் விட்டேன். உசுரோட கீறவங்களுக்கு ஏத்தக் கூடாதும்மா என்றார்.

அதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். அத்தையைக் கூட்டிவர நேரமாகிறது.

அன்னபுஷ்பம்